கொட்டடியில் முளைத்த மலை

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. மொன்றியலில், நான் ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த நேசன் அண்ணையின் சென்ட் லோரன்ட் பிளாட்டிலிருந்து இருவரும் புறப்பட்டோம். கோட்டைக்குப் பக்கத்துக் கொட்டடியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு அயலவராக இருந்தவர். இங்கே இருபத்தேழு வருடமாக மருந்துத் தொழிற்சாலையில் வேலை. கோட்-வெர்டு நிலையத்தில் மெட்ரோ டிக்கெட் 3.75 டொலர். அரை மணிக்குள் பழைய மொன்றியல்.

அங்கே ஒரு காட்சிக்கூடத்தில் ஒல்லாந்தர் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட முற்றுகை வரைபடங்கள் வைத்திருந்தார்கள். அதில் யாழ்ப்பாணக் கோட்டையும் உண்டு. நுழைவு 16 டொலர். அடுத்த கிழமை அண்ணையின் மகள் வகுப்போடு வருகிறாள். அப்பாவின் ஊரைப் பார்க்க அவளுக்கு ஒரே ஆசை. முன்கூட்டியே பார்த்துவைக்க வந்திருந்தார் அண்ணை.

பத்தரை மணிக்கு அந்தப் படத்தின் முன் நின்றோம். கோட்டை, கப்பல், பீரங்கி எல்லாம் துல்லியம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து, கீழே விளக்கம். ஊர்ச்சனத்தின் வீடுகளுக்கு மட்டும் எழுத்தும் இல்லை, கோடும் இல்லை. முன்னால் பெரிய மலை. அதன்மேல் தொப்பி போட்ட குதிரைக்காரர் இருவரும் ஒரு நாயும் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"தங்கச்சி, எங்கடை ஊரிலை எங்கை மலை? உது கொட்டடி! என்ரை வீட்டுக்கு மேலை ஏறி நிண்டெல்லோ பாக்கிறாங்கள்!"

கோட்டைக்குள் ஆமி இருந்தபோது நடந்த எங்கள் காலத்து முற்றுகையில், தொண்ணூறாம் ஆண்டு, அந்த வீட்டின் பங்கருக்குள் கிடந்தவர் அவர். ஆனால் விளக்க அட்டையோ, 'களத்தில் நின்று கண்டபடி வரைந்தது' என்றது. பக்கத்துப் படம் ஐரோப்பிய நகரம் ஒன்றின் முற்றுகை. அதிலும் அதே மலை, அதே குதிரைக்காரர். நாய்கூட அதே நாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மலையைச் செய்துவைத்து ஊர் ஊராக ஒட்டியிருக்கிறார்கள். அதைச் சத்தியம் என்று இன்றைக்கும் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்!

வாசலில் இருந்த அலுவலர் அம்மாவிடம் அண்ணை பிரெஞ்சில் சொன்னார். அட்டையை எழுதியது நிபுணர்களாம். வேண்டுமானால் படிவம் நிரப்பலாமாம். பெயர், முகவரி, பிழை, ஆதாரம்.

"அண்ணை, ரெண்டு படத்திலையும் ஒரே நாய் எண்டு எழுதுங்கோ."

"ஓம், எழுதுவம்" என்றவர், ஆதாரம் என்ற இடத்தில் முதலில் தன் கொட்டடி முகவரியை எழுதினார். வீட்டு இலக்கத்தோடு.

"இது என்ன?" என்று கேட்டார் அந்த அம்மா.

"நான் இருந்த இடம்" என்றார் அண்ணை. அந்த அம்மா படிவத்தை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, அடுத்தவருக்கு "பொன்ஷூர்" சொன்னார்.

"பிள்ளைக்கு நான் என்னெண்டு சொல்லுறது?" மெட்ரோ முழுக்க அண்ணை இதையே கேட்டுக்கொண்டு வந்தார்.

யாழ்ப்பாணம் திரும்பிய மறுநாள், பிள்ளைக்கு அனுப்பப் படம் எடுக்கலாம் என்று அந்த முகவரிக்குப் போனேன். மேடு பள்ளமில்லாத மட்டமான தரைதான். ஒழுங்கையில் நின்றபடியே கோட்டை முழுவதும் தெரிந்தது. ஏறிப் பார்க்க மலை எதுவும் தேவைப்படவில்லை. இடையில் மறைப்பதற்கு ஒரு வீடும் மிஞ்சியிருக்கவில்லை.