மெல்போர்னுக்கு டெபுடேஷன்

என் பெரியப்பா சேஷகிரி இரண்டு கைகளிலும் கடிகாரம் கட்டிக்கொண்டு அல்சூர் ஏரியைச் சுற்றி நடப்பவர். இடது கையில் பெங்களூர் நேரம், வலது கையில் மெல்போர்ன் நேரம். மகன் கேசவ் மெல்போர்னில் இருக்கிறான். போனைத் தட்டினால் எல்லா ஊர் நேரமும் தெரியும் என்று நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "போன் ஜேபில இருக்கும், கை கண்ணு முன்னாடி இருக்கும். சும்னே இரு" என்பார். நடக்க வரும் யாராவது மணி கேட்டால், "எந்த ஊர் டைம் வேணும்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார்.

கர்நாடக அரசின் நீர்ப்பாசனத் துறையில் வேலை பார்த்து, சூப்பரின்டெண்டெண்டாக ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆகியும் ஜோகுபாளையம் வீட்டில் ஆபீஸ் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பால் வராவிட்டால் பால்காரரிடம் "விளக்கம் கேள்" என்பார். மைசூருக்குப் போனால் அது டூர். குழாய் ஒழுகினால் பிளம்பரைக் கூப்பிடும் முன் இன்ஸ்பெக்‌ஷன் நடக்க வேண்டும். ருக்கு பெரியம்மா இதில் எதையும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அவள் பாட்டுக்குப் பிளம்பரைக் கூப்பிட்டுவிடுவாள்.

நான் சஹானா, அவருடைய தம்பி பெண். எனக்கு நாலு வயதாகும்போது என் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். பெரியப்பா ஹோசூருக்கு வந்து என்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார், அவ்வளவுதான். தத்து, கோர்ட்டு, கையெழுத்து ஒன்றும் கிடையாது. எங்கள் வீடுகளில் தம்பி குழந்தையை வளர்க்க யார் பத்திரம் எழுதுகிறார்கள்? ஒரு டம்ளரைக்கூட ரசீது இல்லாமல் வாங்காத மனிதர் என்னை மட்டும் ரசீது இல்லாமல் வாங்கிக்கொண்டார். அதன்பின் கேசவ், சிந்து, நான் மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் பள்ளிக்கூடம் போனோம். குழந்தைகள் எத்தனை என்று யார் கேட்டாலும் பெரியப்பா "மூணு" என்பார். "ஓ, தம்பி பொண்ணா?" என்று யாராவது நோண்டினால் அந்த ஆளோடு பேச்சை நிறுத்திவிடுவார்.

சிந்து கல்யாணமாகி மைசூரில் இருக்கிறாள். நான் கணவர் சுனிலோடு இரண்டு தெரு தள்ளி. கேசவ்தான் போன வருஷத்திலிருந்து பிடித்துக்கொண்டான். "வந்து வந்து போனது போறும், இங்கயே வந்து இருங்கோ" என்று. அவனுடைய மகன் ரித்விக்குக்கு மூன்று வயது. ஒரு நாள் வீடியோவில் பெரியம்மா விளையாட்டாக ஒரு ஸ்பூன் தயிர் சாதத்தை நீட்டினாள். அந்தக் குழந்தை நிஜமாகவே வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. போனை வைத்த பிறகும் பெரியம்மா ஸ்பூனைக் கீழே வைக்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாளே லீவு போட்டு இருவரையும் விசா ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

ஹரிஷ்குமார் என்ற அந்த ஆலோசகர் சேலத்துக்காரர், பொறுமைசாலி. பெரியப்பாவுக்கு அந்தப் பொறுமை வேண்டித்தான் இருந்தது. "சாதாரண விசிட்டர் விசான்னா கொஞ்ச மாசத்துல திரும்பணும் சார். பெத்தவங்களுக்குன்னே ஒரு தற்காலிக விசா இருக்கு. மூணு வருஷம், இல்லன்னா அஞ்சு வருஷம். மறுபடியும் வாங்கலாம். ஆனா மொத்தமா பத்து வருஷத்துக்கு மேல கிடையாது."

"தற்காலிகமா?" பெரியப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் என்ன டெபுடேஷன்லயா போறேன்? பிள்ளை ஆத்துக்குப் போறேன் ஸ்வாமி. பெர்மனெண்ட் போஸ்டிங் இருந்தா சொல்லுங்கோ."

"இருக்கு சார். வரிசைதான் ரொம்ப நீளம். முப்பது வருஷம்கூட ஆகலாம். ஆனா உங்க வயசுக்காரங்க அங்க போய் அப்ளை பண்ண வழி கிடைச்சா, முடிவு வர்ற வரைக்கும் மகன் வீட்டுலயே இருந்துக்கலாம்."

பெரியப்பாவுக்கு எழுபத்திரண்டு நடக்கிறது. நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். "எனக்குப் ப்ரமோஷன் வந்த வேகத்துக்கு இது தேவலை" என்றார் அவர்.

"ஒரே ஒரு நிபந்தனை சார். உங்க பிள்ளைங்கள்ல பாதிப் பேராவது அங்க குடியிருக்கணும். உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை?"

"மூணு" என்றார் பெரியப்பா. "ரெண்டு" என்றேன் நான்.

ஹரிஷ்குமார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ பிரச்சினையே இல்ல சார்! மூணு பேர்ல ஒருத்தர் அங்கன்னா ஆகாது. ரெண்டு பேர்ல ஒருத்தர்னா சரி பாதி. முறைப்படி தத்து எடுக்கலன்னா மேடம் கணக்குலயே வர மாட்டாங்க. ரெண்டுன்னு போடறது பொய்யே இல்ல."

"கணக்குல வர மாட்டாளா?" பெரியப்பா எழுந்தே விட்டார். "ஸ்வாமி, இவளை மடியில உக்காத்தி வெச்சு தாரை வார்த்துக் கொடுத்தவன் நான். இவ என் பொண்ணு இல்லேன்னா அந்தக் கல்யாணம் செல்லுமா? மாப்பிள்ளை சுனில்கிட்ட நீங்க வந்து சொல்றேளா?"

"சார், அது மண்டபம். இது இமிக்ரேஷன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டமே வலிய வந்து கதவைத் திறந்துவிடுகிறது, இந்த மனிதர் வாசலில் நின்று செருப்பைத் தேடுகிறார்! "பிடிவாதம் பிடிக்காதேங்கோ பெரியப்பா. நான் உங்க பொண்ணு இல்லை, உங்க தம்பி பொண்ணு. அதானே நிஜம்? ரெண்டுன்னு சொல்லுங்கோ" என்று கத்திவிட்டேன். 'உங்க பொண்ணு இல்லை' என்ற வார்த்தையை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பெரியப்பா என்னைப் பார்க்கவே இல்லை. "மூணு" என்றார் ஹரிஷ்குமாரிடம். "ரெண்டுன்னு எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆய்த்து. நமஸ்காரம்." குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

மூவரும் ஆட்டோவில் திரும்பினோம். எனக்கு அந்த ஸ்பூன்தான் கண்ணுக்குள் நின்றது. பாவி மனுஷர், இரண்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? அதே சமயம் உள்ளுக்குள் எனக்கு அப்படியொரு சந்தோஷம். இந்த நேரத்தில் சந்தோஷப்படுகிறேனே என்று என் மேலேயே கோபம் வேறு.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மாவின் பின்னாலேயே சமையலறைக்குள் போனேன். "நீயாவது அவருக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா? உனக்கு ரித்விக்கோட இருக்க வேண்டாமா?"

பெரியம்மா அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். "ரெண்டுன்னு மட்டும் சொல்லியிருக்கட்டும். இன்னிக்கு அவருக்குச் சாப்பாடு போட்டிருக்க மாட்டேன்" என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவள் தோளில் சாய்ந்து அழுதேன். "அழு, அழு. ஆனா அரிசில விழாம அழு" என்றாள்.

கேசவுக்கு எப்படிச் சொல்வது என்று பயந்துகொண்டே போன் செய்தேன். அவன் ஹோவென்று சிரித்தான். "அப்பா ரெண்டுன்னு சொல்வார்னு நீ நெனச்சியா? லூஸுடி நீ. அந்த அஞ்சு வருஷ விசாவுக்கு இந்தப் பாதிக் கணக்கே கிடையாது. அதையே போட்டுடு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா டெபுடேஷன்னு சொல்லிட்டாராமே, இனிமே இறங்கி வருவாரா?" என்றான். எனக்கும் அதுதான் கவலை.

பெரியப்பா ஹாலில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சண்டைக்குத் தயாராகவே போய் விஷயத்தைச் சொன்னேன். பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது.

"அதுல பாதிக் கணக்குப் பாக்க மாட்டானா?"

"மாட்டான்."

"மூணுன்னே சொல்லலாமா?"

"முப்பதுன்னுகூட சொல்லுங்கோ."

"அப்போ டெபுடேஷன்தான் ரைட்டு" என்றார், என்னவோ காலையிலிருந்து அவர்தான் அதைச் சொல்லிக்கொண்டிருந்ததைப் போல. "பெர்மனெண்டா மாத்தல் வாங்கிண்டு போனா இங்க நம்ம சீட்டு போயிடும். டெபுடேஷன்ல போனவனுக்குச் சொந்த ஆபீஸ்ல சீட்டு அப்படியே இருக்கும், ஒரு பய உக்கார முடியாது. ரூல் தெரியுமோ உனக்கு?"

எனக்கு ரூல் தெரியாது. தலையை மட்டும் ஆட்டினேன்.

கேசவுக்கு ஸ்பான்சர் அனுமதி, மெடிக்கல், இன்ஷூரன்ஸ் என்று மாதங்கள் ஓடின. மெடிக்கலில் டாக்டரம்மாவிடமே பெரியப்பா விளக்கம் கேட்டார் என்று கேள்விப்பட்டேன். எப்படியோ விசா வந்தது. தேவனஹள்ளி ஏர்போர்ட்டில் டிராலி நிறைய அப்பளமும் காபிப் பொடியுமாக நின்றார்கள். பெரியம்மா என்னைக் கட்டிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள். பெரியப்பா வலது கைக் கடிகாரத்தைக் கழற்றினார். என் கையைப் பிடித்து இழுத்து அதைக் கட்டிவிட்டார். வார் பெரியதாக இருந்தது, கடைசித் துளையில் மாட்டினார்.

"மெல்போர்ன் டைம் எனக்கெதுக்கு? அங்க சுவர்ல இருக்கும். இனிமே உனக்குத்தான் வேணும்" என்றார். இடது கையில் இருந்ததை அவர் மாற்றவில்லை. "டெபுடேஷன் முடிஞ்சு வந்துடுவேன். சீட்டைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் டிராலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

இப்போது டொம்லூரில் என் ஆபீஸுக்கு நான் இரண்டு கடிகாரத்தோடு போகிறேன். பக்கத்து சீட்டு மமதா நேற்று மணி என்ன என்று கேட்டாள். நான் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்து, "எந்த ஊர் டைம் வேணும்?" என்றேன்.