அப்பா சொன்ன ‘இல்லை’

எண்பதுகளின் நடுவில் என் அப்பா எம்.எல்.ஏ.வாக இருந்தார். அந்தப் பதவியால் எங்கள் வீட்டுக்கு ஒரு டெலிபோனும், சுற்றுவட்டாரத்தின் அத்தனை காதுகுத்துப் பத்திரிகைகளும் வந்து சேர்ந்தன. வீட்டைவிட்டுப் போனது ஒரே ஒரு ஆள். அம்மாவின் தம்பி, என் தாய்மாமா.

தாம்பரத்துக்குத் தெற்கே ஏரியை ஒட்டி மாமாவுக்கு நிலம் இருந்தது. நெல் போடுவார். ஏரியில் தண்ணீர் குறைந்த வருஷம் வேர்க்கடலை. அந்தச் சமயத்தில், அரசாங்கம் நிலம் எடுக்கும்போது சொந்தக்காரர்கள் ஆட்சேபம் சொல்வதற்கு இருந்த அவகாசத்தைச் சுருக்கி ஒரு மசோதா வந்தது. சட்டமானால் முதலில் போவது ஏரியோரத்து நிலங்கள்தான் என்று ஊருக்கே தெரியும். மசோதாவைக் கொண்டுவந்தது அப்பாவின் கட்சி.

மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்கா புருஷன் என்பதால் அப்பாவை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார். “மாமா, நீ ஒருத்தன் எதுத்தா அது நின்னுடும்னு நான் சொல்லல. நம்ம வூட்டு ஆளு எதுத்தான்னு எனக்குத் தெரிஞ்சா போதும்” என்றார்.

அம்மாவை வைத்துக்கொண்டே அப்பா வாக்குக் கொடுத்தார். “சபையில இல்லைன்னு சொல்றேன்டா. வேணும்னா நீயே வந்து பாரு.” சொன்னதோடு விடாமல் பார்வையாளர் பாஸும் வாங்கிக் கொடுத்தார். சும்மா இருந்திருக்கலாம்.

மாமா சலவை வேட்டி கட்டிக்கொண்டு எலெக்ட்ரிக் ட்ரெயினில் கோட்டைக்குப் போனார். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் ஒன்றை எதிர்ப்பவன் எழுந்து நின்று கையைத் தூக்குவான். சட்டசபையும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறார் மனுஷர். அங்கே நடந்ததோ குரல் வாக்கெடுப்பு. ஏற்பவர்களை ‘ஆம்’ என்றும் மறுப்பவர்களை ‘இல்லை’ என்றும் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லச் சொன்னார் சபாநாயகர். ஆளுங்கட்சி வரிசைகள் ‘ஆம்’ என்று கத்தி மேசையைத் தட்டின. எதிர்வரிசையிலிருந்து ‘இல்லை’ என்று சத்தம் வந்தது. மசோதா நிறைவேறியதாகச் சபாநாயகர் அறிவித்துவிட்டார். மாமா அப்பாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லையாம். அப்பா எழவும் இல்லை, கையைத் தூக்கவும் இல்லை.

சாயங்காலம் மாமா நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்.

“நீ எழுந்திருக்கவே இல்லையே மாமா.”

“அங்க எழுந்திருக்கிறதெல்லாம் கெடையாதுடா. வாயால சொல்றதுதான். சொன்னேன்.”

“நீ வாயைத் தொறந்தே நான் பாக்கல. பொய் சொல்ற.”

அந்த வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. சமையலறையிலிருந்து அம்மா வந்தார். “யாரு வூட்ல வந்து யாரைப் பொய்யன்னு சொல்ற? எழுந்து போடா” என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்தால் முன்பின் தெரியாது. எனக்கும் அது அங்கிருந்து வந்ததுதான். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அப்பா உண்மையைச் சொன்னாரா என்று யாரும் சரிபார்க்க முடியாது. அன்று சபையில் யாராவது எழுந்து தலையெண்ணிக்கை கேட்டிருந்தால், எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் என்று எழுதியிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. சபைக் குறிப்பில் இருப்பது மசோதா நிறைவேறிய செய்தி மட்டும்தான். பதவியில் இருந்த காலம் முழுக்க என் அப்பா எதற்குத் தலையாட்டினார், எதை மறுத்தார் என்று இன்றைக்கு யார் தேடினாலும் அநேகமாக ஒன்றும் கிடைக்காது. மகளாக எனக்கு இதில் வெட்கம் உண்டு.

நிலம் போயிற்று. மாமா கூடுவாஞ்சேரியில் வாடகைக்கு வீடு பிடித்து, ஒரு அரிசி மண்டியில் மூட்டைக்குக் காவலாக உட்கார்ந்தார். அடுத்த தேர்தலில் கட்சி அப்பாவுக்கு சீட் தரவில்லை. காதுகுத்துப் பத்திரிகைகளும் நின்றுபோயின.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில் எனக்குக் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் போட வேண்டிய மாலையை அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் போட்டார். யாரோ கேட்டார்கள், “கூடப் பொறந்தவரு வரலையா?” அம்மா காதில் விழாததுபோல் சந்தனக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். எனக்கு அழுகை முட்டியது. பார்த்தவர்கள் பிறந்த வீட்டைப் பிரிகிற அழுகை என்று நினைத்துக்கொண்டார்கள்.

மத்தியானம் பந்தி முடிந்து கூட்டம் கலைந்ததும், மணமகள் அறையில் என் நகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார் அம்மா. அப்பா சாவி கேட்டு உள்ளே வந்தார். அம்மா திரும்பாமலே கேட்டார்.

“அன்னைக்கு சபையில நீங்க நெசமாவே சொன்னீங்களா?”

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். “சொன்னேன்” என்றார். “பக்கத்து சீட்டுக்காரனுக்குக்கூட கேக்காம சொன்னேன். கட்சிக்குத் தெரிஞ்சா அடுத்த தபா சீட்டு கெடைக்காதுன்னு பயம்.”

என் கழுத்துக்குப் பின்னால் அம்மாவின் விரல்கள் நின்றன.

“யாருக்கும் கேக்காமத்தான் சொன்னேன்னு அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே. உங்களைப் பொய்யன்னு சொல்லிட்டான்னுதானே எந்தம்பிய நான் தொரத்துனேன்.”

மறுநாள் விடிந்ததும் அம்மா கல்யாணப் பலகாரத்தை ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு கூடுவாஞ்சேரிக்குக் கிளம்பினார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அவரைக் கூப்பிடாமலே அம்மா நடந்தார்.