திரேசம்மா அக்கா பிடுங்காத மரங்கள்

திரேசம்மா அக்கா காலமானார் என்ற செய்தி செவ்வாய்க்கிழமை காலை வந்தது. இத்தாலியில் பலெர்மோ நகரோர மொண்டெல்லோவில், நான் வேலை செய்யும் வீட்டுத் தோட்டத்தில், கார்ப்பினோ மரவேலியோரம் செடி வெட்டும் கத்தரியோடு நின்றேன். வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, என்னைத் தொலைபேசிக்கு அழைத்தார். மறுமுனையில் அக்காவின் மகள் அழுதாள்.

அக்கா மன்னாரைச் சேர்ந்தவர். இதே வீட்டில் ஆறு வருடம் சமைத்தவர். வாய் பொல்லாதது, மனம் தங்கம். அவருடைய வேலை போனதற்கு நான்தான் காரணம். இதை இதுவரை வெளியில் சொன்னதில்லை.

அது நான் தோட்டவேலைக்கு வந்த முதல் மாரி. கார்ப்பினோவைச் சிஞ்ஞோரா வட இத்தாலியிலிருந்து வரவழைத்து நிழல் பக்கமாக நட்டிருந்தார். வெட்ட வெட்ட அடர்ந்து பச்சைச் சுவராக நிற்கும், அழகுக்கென்றே வளர்க்கிற மரம். பலெர்மோ வெயிலில் அதைக் காப்பாற்றுவது பெரும்பாடு. மார்கழியில் இலையெல்லாம் காய்ந்து கபில நிறமானது, ஆனால் உதிரவில்லை. எங்கள் யாழ்ப்பாணத்தில் மழைக்கு வேலிகள் தளதளக்கிற காலம் அது. மரம் பட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். பொங்கலுக்கு முதல் வளவைத் துப்புரவாக்க வேண்டும், வாசலில் பட்ட மரம் நிற்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். சிஞ்ஞோரா வெளியூர் போயிருந்தார். வாசலோரம் நின்ற மூன்று இளங்கன்றுகளைப் பிடுங்கிவிட்டேன்.

வேர் ஈரமாக இருந்தது. மரம் சாகவில்லை, குளிருக்கு இலையைக் காயவிட்டு நிற்கிறது என்று அப்போதுதான் விளங்கியது.

அக்கா ஓடிவந்து, ஏசிக்கொண்டே என்னோடு சேர்ந்து மூன்றையும் திரும்ப நட்டார். மறுநாள் வந்த சிஞ்ஞோரா கிளறிய மண்ணைக் கண்டுவிட்டார். அந்தக் கிழமைதான் என் பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அனுமதியை, புதுப்பிக்க வேண்டும். வேலைத் தாளில் அவர் கையெழுத்து இல்லாவிட்டால் எனக்கு இந்த நாட்டில் இருக்க வழியில்லை. யார் பிடுங்கியது என்று கேட்டார். நான் குனிந்து மண்ணைச் சமப்படுத்தத் தொடங்கினேன்.

தான்தான் பிடுங்கச் சொன்னதாக அக்கா இத்தாலியனில் சொன்னார். அன்றே சிஞ்ஞோரா அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். வெள்ளிக்கிழமை எனக்குக் கையெழுத்துக் கிடைத்தது.

பஸ் தரிப்பில் அக்கா சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "நீ வாயைத் திறக்காதை. எனக்கு வேற வீடு இருக்கு. உனக்கு இஞ்சை ஆர் இருக்கினம்?"

வேலைக்கு வேறு வீடு எதுவும் இருக்கவில்லை. நாலு மாதம் நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில் ஒரு உறவினரின் அறையில் தரையில் படுத்து, கிடைத்த கட்டிடங்களின் மாடிப்படிகளைக் கழுவினார். அதன்பிறகுதான் சீசா என்ற பகுதியில் ஒரு வீட்டில் வேலை கிடைத்தது.

பங்குனியில் மூன்று கன்றும் துளிர்த்தன. அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "உனக்குப் பயந்து செத்த மாதிரி நடிச்சிருக்குதுகள்," என்றார். அதன்பின் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும், உன்ரை சவங்கள் சுகமோ என்று கேட்பார். சிஞ்ஞோராவிடம் உண்மையைச் சொல்லப்போறன் என்பேன், வேண்டாம் என்பார். அவர் தடுத்தது எனக்கு வசதியாக இருந்தது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அந்தச் செவ்வாய் காலை, தொலைபேசியை வைத்த கையோடு சிஞ்ஞோராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த மாதம் என் பெர்மெஸ்ஸோ மீண்டும் காலாவதியாகிறது. அவர் என் கையிலிருந்த கத்தரியை வாங்கி, வாசலோரக் கார்ப்பினோவில் மாரிக்குக் காய்ந்த இலைகளோடு ஒரு கொப்பை வெட்டி, அவளுக்குக் கொண்டுபோ என்று தந்தார். கையெழுத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நானும் கேட்கவில்லை.

அடக்கப் பூசையன்று கோவிலில் அந்தக் கொப்பைச் சவப்பெட்டியின் மேல் வைத்தேன். பட்ட கொப்பை ஆர் வைச்சது என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

"நான்தான்," என்றேன்.

போய்வாருங்கள், அக்கா.