அவள் சொல்ல வந்தது

கடையில் விலை கேட்கக்கூட எனக்குக் கூச்சம். அஞ்சாவதோடு படிப்பு நின்றது. வெளி ஆட்களிடம் வாய் வராது. ஆனால் என் மகளுக்காக மட்டும் பேசிவிடுவேன். சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் திக்கும். முதல் எழுத்திலேயே அடைத்துக்கொண்டு உதடு துடிக்கும். பார்க்கப் பொறுக்காமல் மீதியை நான் சொல்லி முடிப்பேன். கண்டக்டரிடம், டாக்டரிடம், டீச்சரிடம். என் ஆயுசில் நான் சத்தமாகப் பேசியதெல்லாம் அவள் பேச்சுத்தான். உதவி என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருஷம் சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் அவளுக்கு நிக்காஹ். பெண்ணின் சம்மதம் கேட்க என் அண்ணன் இரண்டு சாட்சிகளோடு பெண்கள் இருந்த அறைக்கு வந்தார். மாப்பிள்ளை பெயரையும் அவர் பெண்ணுக்குத் தரும் மஹர் தொகையையும் சொல்லி, "சம்மதமாம்மா?" என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். "வே... வே..."

"பொண்ணுக்கு வெக்கத்தப் பாரேன்" என்று பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"சம்மதந்தாண்ணே, எழுதிக்குங்க" என்றேன், வழக்கம்போல.

"பொண்ணு பேசாம இருந்தாலே சம்மதந்தான்" என்று அண்ணன் திரும்பினார்.

மகள் மருதாணிக் கையால் என் மணிக்கட்டை இறுக்கினாள். "உம்மா, சு... சும்மா இருங்க." பிறகு அண்ணனைப் பார்த்து, நின்று நின்று சொன்னாள்: "வே... வேலைய நான் வி... விடமாட்டேன் மாமா. அவுங்க வீட்டுல யாருக்கும் அது தெரியாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடலூரில் ஒரு லேபில் அவளுக்கு வேலை. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் தாயார் அதைப் பற்றிக் கேட்டார். அன்றும் இவள் 'வே' என்று ஆரம்பித்துத்தான் நின்றாள். "விட்டுடுவா, அதுல என்னா" என்று முடித்தது நான்.

"இத ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொ... சொல்ல வந்தப்பல்லாம் நீங்களே முடிச்சிட்டீங்க."

அண்ணன் மாப்பிள்ளையைப் பார்க்கப் போனார். எனக்கோ கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். இருபத்தாறு வருஷத்தில் இன்னும் எதையெல்லாம் மாற்றிச் சொன்னேனோ என்ற நினைப்பு இன்னொரு பக்கம்.

அண்ணன் திரும்பி வந்தார். "மாப்பிள்ள சரின்னுட்டாரு. அவங்கம்மாதான் மூஞ்சத் தூக்கி வச்சிருக்காங்க." சம்மதமா என்று அவளிடம் மறுபடி கேட்டார்.

"ச..." நின்றது. அறையே என்னைப் பார்த்தது. மீதிச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது எனக்கு. முந்தானையை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டேன். ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு நேரமோ தெரியாது.

"சம்மதம்" என்றாள்.

அந்தப் பட்டுப்புடவையின் முந்தானையில் என் பல் தடம் இன்னும் இருக்கிறது.