மானிய உரமும் பாலையூற்று ரோசாக்களும்

இவ்வளவு காலம் வாய் மூடியிருந்தது போதும்.

இன்று காலை என் துண்டு வயலுக்கு மானிய உரம் எடுக்கச் சங்கக்கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் கிண்ணியா லத்தீப் நின்றார். பயிர் மஞ்சளித்துவிட்டதாம். இந்தக் கிழமை யூரியா போடாவிட்டால் இந்தப் போகமே இல்லை.

"காணி உங்கட பேரிலயோ?" என்று மனேச்சர் கேட்டார்.

"இல்ல, குத்தகை. உழுறது, விதைக்கிறது எல்லாம் நான்தான்."

"அப்ப தர ஏலாது. காணிக்காரர் வரவேணும்."

லத்தீப் போய்ச் சொல்ல, காணிக்காரர் வந்தார். பாலையூற்றுப் பெரிய மனிதர். அவர் வரப்பில் கால் வைத்ததை யாரும் கண்டதில்லை. லத்தீப்பின் வயலுக்குரிய உரம் முழுவதையும் மானிய விலைக்கு வாங்கினார். மூடைகளை வண்டியில் ஏற்றிக் கொடுத்தவரும் லத்தீப்தான்.

"ஐயா, எனக்கு ரெண்டு மூடையாவது வெச்சிட்டுப் போங்க."

"தருவன் காக்கா, ஏன் தராமல்? வெளிக்கடை விலையைக் கொண்டுவாரும். மிச்சம் என்ர ரோசாவுக்கு வேணும். போன முறை உரம் காணாமல் எல்லாம் கருகிப்போச்சு."

உரம் கூடினால்தான் ரோசா கருகும். லத்தீப் அதைச் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நானும் சொல்லவில்லை.

விவசாயிக்கு அரசாங்கம் செய்யும் உதவி இந்த ஊரில் இப்படித்தான் வந்து சேர்கிறது.

இதை வாசிகசாலைப் பலகையில் ஒட்டுகிறேன். மறுப்பவர்கள் கீழே எழுதலாம். நான் பெயர் போடவில்லை. அந்தப் பெரிய மனிதர் என் மனைவியின் அண்ணன். எனக்கு இரவுச் சாப்பாடு வேண்டும்.