சேர்க்காத சதுரங்கள்

பாளையங்கோட்டையில் கம்பளிப் போர்வைக்கு வேலை கிடையாது. ஐப்பசி மழை வலுத்துப் பெய்யும் நாட்களில்கூட மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துவைத்தால் போதும். அப்படிப்பட்ட ஊரில், ஓய்வு பெற்ற ஒரு ஆண் சன்னலோரம் உட்கார்ந்து உல்லன் நூலைக் குரோஷா ஊசியால் பின்னிக்கொண்டிருந்தால், பார்க்கிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவர் வாரம் ஒருமுறையாவது கேட்கிறார்.

"ஏன் வே, ஊரே வெயிலுல வெந்து கெடக்கு. நீரு யாருக்குவே பின்னுதீரு?"

"உமக்குத்தான். தலைக்கு ஒரு குல்லா."

"என் மண்டையில முடிதான் இல்ல வே. புத்தி இருக்கு."

அவருக்கு நான் பல காரணங்கள் சொல்லியிருக்கிறேன். நாற்பது வயதிலிருந்தே கண்ணாடி போட்டு வாசித்த கண்களுக்கு இப்போது சாயங்காலமானால் எழுத்து மங்குகிறது. பின்னலுக்குக் கண் அதிகம் வேண்டாம், விரலே பார்த்துக்கொள்ளும். புத்தகம் வாசிக்கிறவன் வீட்டில் இருந்தும் இல்லாதவன். பின்னுகிறவனோடு பேசலாம், அவனும் பதில் சொல்வான். கைபேசியை எடுக்கக் கை ஒழியாது. எல்லாவற்றையும்விட, தப்பு வந்தால் நூலைப் பிடித்து இழுத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். இவை எல்லாம் உண்மைதான். ஆனால் நான் ஊசியைக் கையில் எடுத்தது இவற்றுக்காக இல்லை.

எங்கள் ஒரே மகள் கோத்தகிரியில் பள்ளி ஆசிரியை. மருமகன் அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் இருக்கிறார். அவள் முதல்முறை உண்டானபோது, என் மனைவி மகிழ்ச்சி தாங்காமல் உடனே ஊசியை எடுத்துவிட்டாள். மிஷன் பள்ளியில் படித்து, மிஷன் பள்ளியிலேயே வேலை பார்த்தவள். தையல் வகுப்பும் அவள் பொறுப்பில் இருந்தது. குல்லா, காலுறை, சின்னச் சட்டை, எலுமிச்சை நிறத்தில் ஒரு போர்வை என்று ஒரு முழு செட் தயாரானது. ஏழாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோனது. மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள்.

துக்கம் கேட்க வந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர், எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே சொன்னார்: "பொறக்கறதுக்கு முன்னால பிள்ளைக்குத் துணிமணி எடுக்கப்பிடாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாவ? மொத துணி பழைய துணியா இருக்கணும். இது என்னன்னா, குல்லாய்லருந்து காலு வரைக்கும்லா பின்னி வச்சாச்சு."

அந்த ஆண்டு எங்கள் சர்ச்சின் அறுப்பின் பண்டிகையில், எல்லோரும் வாழைத்தாரும் தேங்காயும் சேவலும் காணிக்கையாகக் கொண்டுவந்து கோயில் வளாகத்தில் ஏலம் விடும்போது, மனைவி அந்த செட்டையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். ஏலம் முடியும்வரை வெளியே வராமல் கோயிலுக்குள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். யார் எடுத்தார்கள் என்று நான் பார்த்தேன். அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து மகள் மறுபடி உண்டானாள். தை மாதத்தில் பிறக்கும் என்றார்கள். மலைப்பாதையில் பயணம் கூடாது, பிரசவம் அங்கேயேதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸ் முடிந்ததும் நாங்கள் அங்கே போவதாக முடிவு செய்தோம். அப்போது மகள் தொலைபேசியில் அம்மாவிடம் ஒன்று கேட்டாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"அம்மா, இந்தத் தடவை பிள்ளையை ஆஸ்பத்திரியிலருந்து வீட்டுக்குத் தூக்கிட்டு வரும்போது நீ பின்னுன போர்வையிலதான் சுத்திக் கொண்டு வரணும். பின்னுதியாம்மா?"

"பாப்போம் தாயி. அதுக்கு நாள் கெடக்கு" என்று மனைவி பேச்சை மாற்றிவிட்டாள்.

பிறகு நான் அவளிடம் பேசினேன். நான் கொஞ்சம் வாசிக்கிறவன். காரண காரியம் பேசுகிறவன் என்ற பெருமையும் உண்டு.

"வேதத்துல எங்க எழுதியிருக்கு, பொறக்கறதுக்கு முன்னால பின்னக்கூடாதுன்னு?"

"எழுதியிருந்தா ஏன் பயப்படுதேன்? இன்ன எடத்துல இன்ன வசனம்னு ஒங்ககிட்டயே அர்த்தம் கேட்டிருப்பேனே. எழுதாததுக்குத்தான் பயமா இருக்கு."

சில நாள் கழித்து, ஆடிக்காற்று சன்னல் கதவை அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், நானே கேட்டேன்: "நீ பின்ன வேண்டாம். எனக்குச் சொல்லித்தா. நான் பின்னுதேன்."

அவள் சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். "நீங்களா? சட்டைப் பொத்தான் அறுந்தா ரெண்டு நாள் அப்படியே போட்டுட்டு அலைவிய!" பிறகு சிரிப்பை நிறுத்தி யோசித்தாள். "சதுரமா பின்னுங்க. சின்னச் சின்னச் சதுரம். ஆனா ஒண்ணோட ஒண்ணு சேக்கக்கூடாது. சேக்காத வரைக்கும் அது சதுரம்தான். போர்வை கெடயாது. பிள்ளை மொகத்தப் பாத்த பெறவு, அங்கன ஆஸ்பத்திரியில வச்சே நான் சேத்துருதேன்."

அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. பயத்துக்கும் ஆசைக்கும் நடுவில் இவ்வளவு நேர்த்தியாக ஒரு கோடு போட என் மனைவியால்தான் முடியும் என்று நினைத்தேன்.

மார்க்கெட் பக்கத்து வளையல் கடையில் உல்லன் நூல் வாங்கினோம். வெள்ளையும் இளம்பச்சையும் போதும் என்றாள். நடுவில் ஒரு சின்ன வளையம் போட்டு, அதைச் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போய் நான்கு மூலை திருப்பினால் சதுரம். சொல்ல எளிது. என் முதல் சதுரம் கிண்ணம்போல் குழிந்து நின்றது.

"இம்புட்டு இறுக்கிப் பிடிச்சா எப்படிங்க? நூலா, தேர்வடமா? பைய விடுங்க. அது ஓடியா போவுது?"

அதைப் பிரித்துவிடலாம் என்றேன். "இருக்கட்டும். இப்பம் பிரிச்சா அடுத்ததும் இப்படித்தான் வரும். நாலஞ்சு போனா கை தானா எளகும்" என்றாள். அப்படியே ஆனது. கோணல் சதுரங்களையும் அவள் எறியவில்லை. எல்லாவற்றையும் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் அடுக்கினாள். டின்னின் பெயர் எங்கள் வீட்டில் 'சதுரம்' என்றே ஆகிவிட்டது. போர்வை என்ற சொல்லை இருவருமே வாயால் சொல்லவில்லை.

மகள் இடையிடையே கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆரம்பிச்சிட்டியாம்மா?" மனைவி பொய் சொல்கிறவள் இல்லை. "நான் ஊசிய இன்னும் தொடல தாயி" என்பாள். அது உண்மைதான். பிறகு மகள் வேறு ஏதாவது பேசுவாள். கார்த்திகை பிறந்த பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்தோம்.

மழை, ஆற்று நீர்மட்டம், பஸ் கட்டணம் என்று அன்றாடம் குறித்துவைப்பது என் பழக்கம். அந்த மார்கழி முதல் நாளில் குறிப்பு நீளமாக இருக்கிறது. முந்தின நாளிலிருந்தே விடாத மழை. கோயிலில் ஆராதனைக்கு ஆளே இல்லை. மத்தியானத்துக்குமேல் மருமகன் கூப்பிட்டார்: மகளுக்கு ரத்த அழுத்தம் ஏறி, அவசரமாக அறுவை செய்து, பெண் குழந்தை பிறந்திருக்கிறது, எடை கொஞ்சம் குறைவு, ஆனால் இரண்டு பேரும் நலம். மனைவி அப்படியே முழங்கால் போட்டாள். எழுந்ததும் பிஸ்கட் டின்னை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கெளம்புங்க. பஸ்ஸுல வச்சே சேத்துருதேன்."

ஆனால் பஸ் இல்லை. இருட்டுவதற்குள் தாமிரபரணி கரை மீறிவிட்டது. ஜங்ஷன் பஸ் நிலையத்துக்குள் தண்ணீர். மின்சாரம் போனது, கொஞ்ச நேரத்தில் கைபேசியும் செத்துவிட்டது. ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு ரயில் நிற்கிறது, ஏரலுக்குப் போக வழியே இல்லை என்று தெருவில் போகிறவர்கள் சொன்ன செய்திகள்தான் வந்தன. எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வரவில்லை. மாடியில் ஆள் ஏறி நிற்கிற வீடுகளை நினைத்தால், வீட்டுக்குள் உலர்ந்த தரையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு முறையிட என்ன இருக்கிறது?

மறுநாள் விடிந்ததும் மனைவி வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து சதுரங்களைச் சேர்த்தாள். மாதக்கணக்கில் அவள் தொடாத ஊசி. அவள் கைக்கு அது ஒரு வேலையே இல்லை. அன்று பொழுது சாய்வதற்குள் போர்வை முழுதாகிவிட்டது. மடித்துப் பையில் வைத்தாள். பையை வாசலுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு செய்ய ஒன்றும் இல்லாமல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேக்குறதுக்கு இம்புட்டு நேரந்தான் ஆச்சு" என்று ஒரே ஒருமுறை சொன்னாள்.

தண்ணீர் வடிந்து, பஸ் ஓடத் தொடங்கி, மதுரை வழியாகக் கோவை போய், மலை ஏறி நாங்கள் கோத்தகிரி வீட்டை அடைந்தபோது, மகள் முந்தின நாளே வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். குழந்தை பக்கத்து வீட்டுக்காரர்கள் கொடுத்த துண்டில் சுற்றப்பட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் மருமகன் எடுத்த படத்தைக் காட்டினார்கள். அதிலும் அந்தத் துண்டுதான். ஊதா நிறம், ஓரத்தில் ஒரு பழைய கறை.

மனைவி பையிலிருந்து போர்வையை எடுத்து மகள் மடியில் வைத்தாள். மகள் முதலில் சந்தோஷமாகத்தான் விரித்துப் பார்த்தாள். அம்மாவிடம் பின்னல் கற்றவள் அல்லவா? விரலால் தடவிக்கொண்டே போனவள் நிறுத்தினாள்.

"இது உன் கை இல்லையேம்மா."

"அப்பா பின்னுனது. சேத்தது மட்டுந்தான் நான்."

மகள் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். மறுபடி போர்வையைப் பார்த்தாள். ஒரு மூலையில் இருந்த குழிந்த சதுரத்தைத் தொட்டாள். அடுத்ததை, அதற்கடுத்ததை. எதிர்மூலையில் ஓடை நீர்போல் சமமாக ஓடிய சதுரத்தில் வந்து விரல் நின்றது.

"ஒரு வாரத்துல இப்படிக் கை திருந்தாதேப்பா. எப்ப ஆரம்பிச்சீங்க?"

"ஆடியில" என்றேன். தேதி கேட்டிருந்தால் தேதியும் சொல்லியிருப்பேன்.

"அப்ப நான் கேக்கும்போதெல்லாம் இருந்திருக்கு."

குழந்தை தூக்கத்தில் சப்புக்கொட்டியது. மனைவி காலிப் பையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"பயந்துட்டேன் தாயி."

"எனக்கு மட்டும் பயமில்லையாம்மா?" என்றாள் மகள். குரலில் கோபம் இல்லை. "பயத்துலதான கேட்டேன். நீ பின்னுதேன்னு சொல்லியிருந்தா, அம்மாவே நம்புதா, அப்ப பிள்ளை வந்துரும்னு இருந்திருப்பேன். ராத்திரி அசைவு கொஞ்சம் குறைஞ்சாக்கூட எந்திச்சு உக்காந்துக்கிடுவேன். நீ ஊசியத் தொடலன்னு சொன்னியா, சரி, அம்மாவுக்கும் நம்பிக்கை இல்லபோலன்னு விட்டுட்டேன்."

மனைவி எழுந்து அடுப்படிக்குப் போனாள். பால் காய்ச்சுகிற சத்தம் கேட்டது. மகள் ஊதாத் துண்டை மெதுவாக உருவிவிட்டுக் குழந்தையை எங்கள் போர்வையில் வைத்துச் சுற்றினாள். அளவு சரியாகத்தான் இருந்தது. "நல்லா கதகதன்னு இருக்குப்பா" என்றாள், என்னைத் தேற்றுவதுபோல.

பேத்தி இப்போது நடக்கிறாள், ஓடுகிறாள். அந்தப் போர்வையை நாற்காலிமேல் போட்டு அதற்கடியில் வீடு கட்டி விளையாடுகிறாள். அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. இரண்டு சதுரங்கள் சேர்கிற இடம் எங்கேயும் விட்டுப்போகவில்லை; அவ்வளவு உறுதியாகச் சேர்த்திருக்கிறாள் என் மனைவி. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் எடுத்த படம் மகள் வீட்டுச் சுவரில் சட்டமிட்டு மாட்டியிருக்கிறது. போகும்போதெல்லாம் அந்த ஊதாத் துண்டைப் பார்க்கிறோம். மனைவி அந்தச் சுவருக்கு முதுகு காட்டித்தான் உட்காருவாள்.

நண்பர் கேட்கிற கேள்விக்கு என் உண்மையான பதில் இதுதான்: ஒருவருக்காக முன்கூட்டியே பின்னத் தொடங்குவது, நீ வந்துவிடுவாய் என்று அவரிடம் சொல்வது. அதை நான் மாதக்கணக்கில் என் கையால் சொல்லிக்கொண்டே இருந்தேன். கேட்க வேண்டிய மகள் காதில் மட்டும் அது விழாமல், டின்னுக்குள் அடுக்கிவைத்திருந்தோம்.

இப்போதும் சன்னலோரம் உட்கார்ந்து சதுரம்தான் பின்னுகிறேன். ஒன்று முடிந்து நூலை அறுத்ததும் மனைவி செய்கிற வேலையை விட்டுவிட்டு வந்து கையை நீட்டுகிறாள்.

"கொண்டாங்க இங்கன."

"யாருக்குன்னே தெரியல. அதுக்குள்ள என்ன அவசரம்?"

"யாருக்கா இருந்தா என்ன? சேத்து வச்சிருவோம்."