உண்ணாவிரதப் பந்தலுக்குப் போன பழச்சாறு

"நாளைக்குக் காலையிலேருந்து நான் சாப்பிட மாட்டேன். மாவு ஃப்ரிட்ஜில இருக்கு, மூணு நாளைக்கு வரும். தோசை ஊத்திக்குங்க" என்று என் மனைவி சொன்னபோது நான் மறுநாள் வகுப்புக்குப் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முடிவு எடுத்துவிட்டுத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தது.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில். எரிவாயுக் குழாய் பதிக்கப்போவதாகச் சொல்லி வயல்களில் கல் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் ஒரு ஏக்கரின் நடுவில் இரண்டு கல். எங்கள் என்று நான் சொல்வது பழக்கத்தில்தான். நிலம் அவள் அப்பாவுடையது. பண்ணையாளாக இருந்தவர். கூலிக்கும் நிலத்துக்கும் நடந்த போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். அரசாங்கம் உபரி நிலத்தைப் பிரித்துக் கொடுத்தபோது பட்டா வாங்கினார். அவர் இறந்தபின் பட்டா மகள் பெயருக்கு வந்தது.

களத்துமேட்டில் பந்தல் போட்டு, அவளையும் சேர்த்து பதினொரு பெண்கள் உட்கார்ந்தார்கள். தண்ணீர் மட்டும் குடிப்பது என்று முடிவு. நான் அரசுப் பள்ளி ஆசிரியர். தலைமையாசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: "சார், உங்க வீட்டம்மா போறது அவங்க இஷ்டம். நீங்க பந்தலுக்குள்ள உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு போட்டோ வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது." அதனால் சாயங்காலம் பள்ளி விட்டதும் போய், பந்தலுக்கு வெளியே வண்டியில் சாய்ந்து நிற்பேன். அவள் உள்ளேயிருந்து என்னைப் பார்ப்பாள். ஆளுங்கட்சிக்காரர்கள் வந்து போனார்கள், எதிர்க்கட்சிக்காரர்களும் வந்து போனார்கள். எல்லாரும் உள்ளே போய்ப் பேசினார்கள். நான் மட்டும் வெளியே.

மூன்றாம் நாள் சனிக்கிழமை, பள்ளி விடுமுறை என்பதால் காலையிலேயே போய் நின்றேன். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து எல்லாருக்கும் பிரஷர் பார்த்தார். போகும்போது என்னிடம் நின்றார்.

"இன்னைக்கு தாசில்தார் பேச்சுவார்த்தைக்கு வர்றாரு. முடிஞ்சாலும் முடியும். முடிச்சா உடனே சோறு போட்டுடாதீங்க சார். டீ, காப்பி வேண்டாம். பழத்தை அரைச்சுத் தண்ணியா, கொஞ்சம் கொஞ்சமா குடுங்க."

எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகளுக்குப் போன் செய்தேன்.

"செம்பருத்தி டீ போடுப்பா. நல்லா ஆறட்டும். மாம்பழம், பப்பாளி போட்டு அதோட சேர்த்து மிக்சியில அடி. ஸ்மூத்தி."

"அப்படின்னா?"

"கொழகொழன்னு ஜூஸ்ப்பா. அம்மா குடிச்சுடுவாங்கள்ல?" என்றாள். "நான் கிளம்பி வரட்டுமா?"

"பரீட்சை எழுதிட்டு வா" என்றேன்.

கிணற்றடியில் ஒற்றை அடுக்குச் செம்பருத்தி பூத்திருந்தது. ஏழெட்டுப் பூவைப் பறித்து, காம்பும் மகரந்தமும் நீக்கி, கொதித்த தண்ணீரில் போட்டேன். இரண்டு கொத்து துளசி, ஒரு துண்டு இஞ்சி. இதழ் வெளுத்து, தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்தது. எலுமிச்சை பிழிந்ததும் சட்டென்று சிவந்தது. ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நாட்டுச் சர்க்கரை எங்கே என்று தெரியவில்லை. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தேன். உளுந்து, மல்லி, வெந்தயம். இருபத்திரண்டு வருஷம் அந்த அடுப்படியில் சமைத்ததைச் சாப்பிட்டிருக்கிறேன். வடிகட்டி எந்த ஆணியில் தொங்குகிறது என்று தெரியாது. கடைசியில் சர்க்கரை கிடைத்தது. பப்பாளியையும் மாம்பழத்தையும் நறுக்கி, அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மிக்சியில் போட்டேன். டீ ஆற நேரமில்லை என்று சூடாகவே ஊற்றி ஓடவிட்டேன். மூடி எகிறிப் பறந்தது. சுவர், காலண்டர், என் சட்டை எல்லாம் மஞ்சள். துடைக்கும்போதே அழுகை வந்தது. மறுபடி பூப் பறித்து, மறுபடி கொதிக்கவைத்து, இந்தத் தடவை பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஆறவிட்டேன். ஊற்றப் போகும்போது கரண்ட் போய்விட்டது. வரும்வரை மிக்சிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு போனபோது தாசில்தார் ஜீப் திரும்பிக்கொண்டிருந்தது. பேச்சு முறிந்துவிட்டது. முதல் தடவையாகப் பந்தலுக்குள் கால் வைத்தேன். அவள் உதடு வெடித்திருந்தது. மூடியைத் திறந்து காட்டினேன். மோந்து பார்த்தாள்.

"செம்பருத்தியா?"

"ஆமா. பாப்பா சொல்லிக்குடுத்தா. ஒரு வாய் குடியேன். யாருக்கும் தெரியாது."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "வெயில்ல கெட்டுப்போயிடும். எடுத்துட்டுப் போய் நீங்க குடிங்க" என்றாள்.

நான் குடிக்கவில்லை. வாய்க்கால் ஓரத்தில் ஊற்றினேன். மேட்டூர்த் தண்ணீர் இன்னும் வராத வாய்க்கால். வெடிப்புக்குள் இறங்கிப் போனது.

நான்காம் நாளும் செய்தேன். அன்றைக்குக் கை பழகியிருந்தது. அதையும் திரும்பக் கொண்டுவந்தேன். ஐந்தாம் நாள் பள்ளிக்கு லீவு எழுதிக்கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'மனைவிக்கு உடல்நிலை சரியில்லை' என்று எழுதினேன். உண்மைதான். ஆனால் எழுதும்போது கூசியது.

அன்று காலை தூக்குவாளியோடு போனபோது ரோட்டிலேயே போலீஸ் வேன் நின்றது. பெண் போலீஸ்காரர்கள் பந்தலில் இருந்தவர்களை, ஒருவருக்கு இரண்டு பேராகத் தூக்கி வந்தார்கள். என் மனைவி கையை உதறப் பார்த்தாள், உதற வலுவில்லை. வேன் ஜன்னல் கம்பி வழியாக என்னைத் தேடியதைப் பார்த்தேன். நான் தூக்குவாளியை உயர்த்திக் காட்டினேன். எதற்குக் காட்டினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஒரு போலீஸ்காரம்மா என் தோளைத் தள்ளி, "ஆஸ்பத்திரிக்கு வந்து குடுங்க சார், வழியை விடுங்க" என்றார். வேன் போனதும் அதே ரோட்டில் பொக்லைன் வந்தது.

புதிதாக அடித்த சாற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளுக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்ததும், "என்ன ஆச்சு?" என்றாள்.

"முதல்ல இதைக் குடி."

"என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

"தோண்ட ஆரம்பிச்சுட்டாங்க. நம்ம வயலுக்கு மத்தியானமே வந்துட்டாங்க."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பக்கத்துக் கட்டில் பெண், "போராட்டத்தை வாபஸ் வாங்கிட்டாங்களாம் அக்கா. எல்லாரும் குடிக்கிறாங்க" என்று மெதுவாகச் சொன்னாள். என் மனைவி இந்தப் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். மடக் மடக்கென்று குடித்தாள், மருந்து மாதிரி. நடுவில் நாக்கிலிருந்து ஒரு மாம்பழ நாரை எடுத்து விரலில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"எங்க அப்பா இருந்திருந்தா இன்னொரு தடவை ஜெயிலுக்குப் போயிருப்பாரு" என்றாள்.

டம்ளரை வாங்கிக் கழுவிவைத்தேன்.

குழாயைப் பதித்து மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனார்கள். சத்தில்லாத அடிமண் மேலே வந்துவிட்டது. அந்த வருஷம் சம்பா நட்டோம். வயல் முழுக்கப் பச்சை கட்டியது, குழாய் போன வழி மட்டும் நீளமாக வெளுத்து நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வரப்பிலிருந்து இறங்கி, அந்த வெளுத்த பயிரில் ஒன்றைப் பிடுங்கி வேரைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதே குழியில் திரும்ப ஊன்றி, சேற்றை அழுத்திவிட்டு, அடுத்ததைப் பிடுங்கினாள்.